இடம் மாறாமலே விழித்துக்கொண்ட ஒரு தாவும் கூறு: சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் எல்1-மெட் நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

மனித மரபணுத்தொகுப்பின் 7-ஆம் குரோமோசோமில், நீண்ட கரத்தின் மேல், மெட் என்னும் மரபணு இருக்கிறது. உயிரணு வளரவும் நகரவும் கட்டளை ஏற்கும் ஏற்பிப் புரதம் ஒன்றுக்கான குறிப்பு அதில் எழுதப்பட்டுள்ளது. அந்த மரபணுவின் இரண்டாம் இன்ட்ரானுக்குள், அதாவது புரதத்திற்குப் பயன்படாமல் வெட்டி எறியப்படும் பகுதிக்குள், லைன்-1 வகையைச் சேர்ந்த தாவும் கூறு ஒன்று, அதாவது தன்னைப் படியெடுத்து மரபணுத்தொகுப்பின் வேறிடத்தில் செருகிக்கொள்ளும் வகை டிஎன்ஏ வரிசை ஒன்று, கிடக்கிறது. சுருக்கமாக அதை எல்1 என்பார்கள். நோயாளிக்கு நோய் வந்தபோது அது அங்கே குதித்து விழவில்லை. மூதாதையர் வழியாகக் கைமாறி வந்த பழைய குடியிருப்பு அது. ஆரோக்கியமான சிறுநீர்ப்பையின் உட்படலச் செல்களில் அதன் மேல் மெத்தில் குறிகள், அதாவது டிஎன்ஏவில் ஒட்டி அதை எழுதப்படாமல் அடக்கிவைக்கும் வேதிக்குறிகள், அடர்ந்திருக்கும். அது வாய் திறப்பதில்லை.

தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஜோன்ஸ், கேங்னிங் லியாங் ஆகியோரின் ஆய்வுக் குழு, எரிகா வுல்ஃபை முதல் ஆசிரியராகக் கொண்டு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், சிறுநீர்ப்பைக் கட்டிகளில் இந்தக் கூறு மெத்தில் குறிகளை இழந்திருப்பதையும், அங்கிருந்து மெட் மரபணுவின் ஒரு மாற்று ஆர்என்ஏ படி எழுதப்படுவதையும் காட்டியது. கட்டியில் மட்டும் இது நிகழ்ந்திருந்தால் ஆயிரம் மாற்றங்களோடு ஆயிரத்தொன்றாவது மாற்றமாக அதைக் குறித்துவைத்துவிட்டுப் போயிருக்கலாம். கட்டி இருக்கும் சிறுநீர்ப்பைகளில், கண்ணுக்கும் நுண்ணோக்கிக்கும் இயல்பாகவே தெரியும் உட்படலத்திலும் அதே மாற்றம் பரவிக் கிடந்தது என்பதுதான் இந்த நிகழ்வைத் தனியே எடுத்து ஆராயத் தகுந்ததாக்குகிறது.

தாவும் கூறுகள் புற்றுநோயில் 'செயல்படுகின்றன' என்று படிக்கும்போது, அவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குக் குதித்து மரபணுக்களை உடைக்கின்றன என்றே பெரும்பாலோர் எண்ணிக்கொள்கிறார்கள். மெத்தில் குறி கழல்வது ஒரு படிநிலை. ஆர்என்ஏ எழுதப்படுவது இன்னொன்று. புரதம் உருவாவது வேறு. புதிய இடத்தில் செருகிக்கொள்வது எல்லாவற்றுக்கும் கடைசி. இந்த நான்கையும் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுவதால்தான் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் குறித்த பல விளக்கங்கள் தடம் மாறுகின்றன என்பது என் கருத்து. எல்1-மெட் நிகழ்வில் கூறு ஓர் எழுத்துகூட நகரவில்லை. ஆனாலும் விளைவு உண்டு.

கூறின் உடலமைப்பு

தாவும் கூறுகளைப் பார்பரா மெக்ளின்டாக் 1940-களில் மக்காச்சோளத்தில் கண்டறிந்தார். அதற்கான நோபல் பரிசு 1983-இல்தான் அவருக்கு வந்து சேர்ந்தது. மனித மரபணுத்தொகுப்பின் முதல் வரைவு 2001-இல் வெளியானபோது, அதில் ஏறத்தாழ 45 விழுக்காடு தாவும் கூறுகளிலிருந்து வந்தது என்பது தெளிவாயிற்று. எல்1 குடும்பம் மட்டுமே அதில் 17 விழுக்காடு. சுமார் 5,00,000 படிகள். இவற்றுள் பெரும்பாலானவை முன்பாதி அறுந்த துண்டுகள். ஒரு மனிதரிடம் இன்னும் தாவும் திறன் கொண்ட படிகள் 80 முதல் 100 வரை மட்டுமே.

முழுமையான ஓர் எல்1 சுமார் 6,000 எழுத்துகள் நீளமுடையது. தலைப்பகுதியில் சுமார் 900 எழுத்துகள் கொண்ட தொடக்கிப் பகுதி, அதாவது ஆர்என்ஏ எழுதுவதைத் தொடங்கிவைக்கும் பகுதி, இருக்கிறது. அதைத் தொடர்ந்து இரண்டு புரதங்களுக்கான குறிப்புகள். வாலில் 'ஏ' எழுத்துகளின் நீண்ட வரிசை. முதல் புரதம் எல்1-இன் ஆர்என்ஏவைப் பற்றிக்கொள்கிறது. இரண்டாவது புரதத்திடம் இரண்டு தொழில்கள் இருக்கின்றன: டிஎன்ஏவை வெட்டுவது, ஆர்என்ஏவைப் பார்த்து டிஎன்ஏ எழுதுவது. அது தாவும் விதத்தை அருகிலிருந்து பார்ப்பது பயனுள்ளது. இரட்டை இழையில் 'டி' நான்கும் 'ஏ' இரண்டும் அடுத்தடுத்து வரும் இடத்தைத் தேடி, அவற்றின் நடுவே ஓர் இழையை மட்டும் அது வெட்டுகிறது. வெட்டிய முனையில் 'டி' எழுத்துகள் தொங்குகின்றன. எல்1 ஆர்என்ஏவின் வாலிலுள்ள 'ஏ' எழுத்துகள் அவற்றோடு இணை சேர, அந்தப் பிடிப்பையே முதற்புள்ளியாகக் கொண்டு நொதி பின்னாலிருந்து முன்னோக்கி எழுதத் தொடங்குகிறது. பெரும்பாலும் தலைவரை எழுதி முடிக்கும் முன்பே அது நின்றுவிடுகிறது. அரைகுறைத் துண்டுகள் இத்தனை இலட்சம் சேர்ந்ததற்குக் காரணம் இதுதான்.

நம் நிகழ்வுக்குத் தேவையான செய்தி இந்தத் தாவலில் இல்லை, தலைப்பகுதியில் இருக்கிறது. அந்த 900 எழுத்துகளில் கூறு தன்னைத் தானே எழுதிக்கொள்ளும் தொடக்கி ஒன்று இருப்பதோடு, எதிர்த்திசையில் எழுதும் இன்னொரு தொடக்கியும் ஒளிந்திருப்பதை மார்ட் ஸ்பீக் 2001-இல் வெளியிட்டார். அந்த எதிர்த்திசைத் தொடக்கி கூறுக்குள் எழுதுவதில்லை. கூறுக்கு வெளியே, பக்கத்து வீட்டுக்குள் எழுதுகிறது. பக்கத்தில் ஒரு மரபணு இருந்து, அதன் திசையும் பொருந்திவிட்டால், அந்த மரபணு தன் சொந்தத் தொடக்கியின் கட்டுப்பாட்டுக்கு வெளியே படியெடுக்கப்படும். மெட் மரபணுவுக்குள் கிடக்கும் எல்1 தலைகீழாகத்தான் கிடக்கிறது. ஆகவே அதன் எதிர்த்திசைத் தொடக்கி மெட் ஓடும் திசையிலேயே, இரண்டாம் இன்ட்ரானிலிருந்து மூன்றாம் எக்ஸானை, அதாவது வெட்டி எறியப்படாமல் எஞ்சும் அடுத்த பகுதியை, நோக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதே மெட் படியைப் பற்றி நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில் 2005-இலேயே செய்தி வந்திருந்தது. ஆகவே இது சிறுநீர்ப்பைக்கு மட்டும் உரிய விந்தை அல்ல. சிறுநீர்ப்பையில் அது எடுத்துக்கொண்ட பரப்புதான் புதிது.

மெத்தில் குறி கழன்றபோது

சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் எல்1 வரிசைகள் மெத்தில் குறிகளை இழக்கின்றன என்பது 2010-க்கு வெகு முன்பே தெரிந்த செய்தி. ஜெர்மனியில் வொல்ஃப்காங் ஷூல்ஸின் குழு 1996-இல் இதை வெளியிட்டது. 1999-இல் அதே குழு சிறுநீர்ப்பைக் கட்டிகளையும் சிறுநீரகக் கட்டிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, இழப்பு முன்னதில் தெளிவாகவும் பின்னதில் இல்லாமலும் இருந்தது. ஒரே சிறுநீர்ப் பாதையின் இரண்டு உறுப்புகளில் இவ்வளவு வேறுபாடு இருப்பது, மெத்தில் இழப்பைப் புற்றுநோயின் பொதுவான தேய்மானம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு ஒரு நல்ல எச்சரிக்கை.

குறி ஏன் கழல்கிறது? முழு விடை கிடையாது. ஆனால் ஒரு பாதையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தாய்லாந்தின் ஆய்வாளர்கள் சிறுநீர்ப்பைப் புற்றுச் செல்களை ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு உட்படுத்தியபோது, எல்1 மெத்தில் குறிகளை இழந்தது. அதே வேளையில் ரன்க்ஸ்3 என்னும் புற்றுத்தடுப்பு மரபணுவின் தொடக்கியில் குறிகள் கூடின. அவர்களின் விளக்கம் செல்லின் வேதியியல் கணக்கைச் சார்ந்தது. ஆக்சிஜன் அழுத்தம் கூடும்போது, செல் தன்னைக் காத்துக்கொள்ளக் குளூட்டாத்தயோனை அதிகமாகத் தயாரிக்க வேண்டியிருக்கிறது. அதற்கான மூலப்பொருளும், மெத்தில் குறியை வழங்கும் எஸ்-அடினோசில் மெத்தியோனினைத் திரும்ப உருவாக்கத் தேவைப்படும் மூலப்பொருளும் ஒன்றே, ஹோமோசிஸ்டீன். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் குறைகிறது. சிறுநீர்ப்பையோ, உடல் வடித்துக் கழிக்கும் வேதிப்பொருள்கள் மணிக்கணக்கில் தேங்கி நிற்கும் பை. இந்தப் புற்றுநோயில் ஏறத்தாழ பாதிக்குப் புகைபிடித்தலே காரணம் என்பதையும், புகையிலிருந்து இரத்தத்தில் கலந்தவை சிறுநீர் வழியாகவே வெளியேறுகின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த விளக்கம் கவனிக்கத்தக்கது. ஆனாலும் குடுவையில் வளரும் செல்லில் காட்டியதை மனிதரின் சிறுநீர்ப்பையில் பல ஆண்டுகள் நிகழ்வதோடு சமமாக வைக்க நான் தயங்குகிறேன்.

வுல்ஃப் குழுவின் ஆய்வு ஒரு படி ஆழமாகச் சென்றது. குறி கழன்ற எல்1 தொடக்கிகளில் டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரத உருளைகள், அதாவது நியூக்ளியோசோம்கள், நான்காக அடுக்கியிருந்த நிலையிலிருந்து இரண்டாகக் குறைந்திருந்தன, எழுத்து தொடங்கும் புள்ளிக்கு முன்னால் உருளையே இல்லாத வெற்றிடம் ஒன்று திறந்திருந்தது, அங்கே அந்த உருளைகளை ஆக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் எச்2ஏ.இசட் என்னும் மாற்று வகை வந்து அமர்ந்திருந்தது. சுறுசுறுப்பாக இயங்கும் ஒற்றைப்படி மரபணுக்களின் தொடக்கியில் அதுவரை பார்த்திருந்த அதே கட்டமைப்பு இது. குப்பை என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்ட வரிசை ஒன்று, குறி கழன்றதும் முறையான மரபணுத் தொடக்கியின் உடையை அணிந்துகொள்கிறது.

இங்கே ஒரு பழைய செய்தியை நினைவுகூர்வது பொருந்தும். 1982-இல் மனிதப் புற்றுநோயில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஓர் எழுத்துப் பிழை, சிறுநீர்ப்பைப் புற்றுச் செல் வரிசை ஒன்றின் எச்-ராஸ் மரபணுவில்தான் கிடைத்தது. 12-ஆம் இடத்தில் கிளைசீனுக்குப் பதிலாக வேலீன். ஓர் எழுத்து மாறினால் போதும், செல் பாதை மாறிவிடும் என்று அது கற்பித்தது. எல்1-மெட் நிகழ்வில் ஓர் எழுத்தும் மாறவில்லை. கட்டியின் டிஎன்ஏவை எவ்வளவு ஆழமாக வரிசைப்படுத்தினாலும், சாதாரண வரிசைப்படுத்தலில் இது கண்ணில் படாது. பைசல்ஃபைட் வேதிவினையில் மெத்தில் குறி இல்லாத 'சி' எழுத்துகளை மாற்றிவிட்டு, குறியுள்ள 'சி' எழுத்துகள் மட்டும் மாறாமல் நிற்பதைப் படித்தால்தான் தெரியும். அந்த முடிவுகளை வட்டங்களின் வரிசையாக வரைவது வழக்கம்: குறி இருந்தால் கருவட்டம், இல்லையேல் வெள்ளை வட்டம். ஒவ்வொரு வரியும் ஒரு தனி டிஎன்ஏ மூலக்கூறு. குறி நிறைந்த திசுவில் கரிய மணிகள் கோத்தது போன்ற வரிகளும், குறி கழன்றதில் வெள்ளை மணி வரிகளும் கிடைக்கும். அந்தப் படத்தை முதன்முறை பார்ப்பவருக்குக்கூட விளக்கம் அதிகம் தேவைப்படாது.

கட்டியைத் தாண்டிய பரப்பு

சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் சுமார் 75 விழுக்காடு, கண்டறியப்படும்போது தசையைத் துளைக்காத நிலையில் இருக்கிறது. கட்டியை உள்ளிருந்தே சுரண்டி எடுத்துவிடலாம். ஆனால் அது மீண்டும் வரும். சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ, அதே இடத்தில் அல்லது பையின் வேறொரு சுவரில். நோயாளி ஆண்டுக்கணக்கில் சிஸ்டோஸ்கோப்பிக்கு, அதாவது பைக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனைக்கு, வந்துபோக வேண்டியிருப்பதன் காரணம் இந்த மறுவருகைதான். வாய்ப்புற்றுநோயை ஆராய்ந்தவர்கள் 1953-இலேயே இதற்கு ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: கட்டி தனித்து முளைப்பதில்லை, அதைச் சுற்றியுள்ள நிலம் முழுவதும் முன்னரே கெட்டுப்போயிருக்கிறது.

எல்1-மெட் அந்த நிலத்தைக் காட்டும் குறி. கட்டியுள்ள பையில், கட்டியிலிருந்து விலகி எடுத்த இயல்பான உட்படலத்திலும் இந்தக் கூறு மெத்தில் குறிகளை இழந்திருந்தது, மாற்றுப் படியும் எழுதப்பட்டிருந்தது. புற்றுநோய் இல்லாதவரின் சிறுநீர்ப்பையில் அப்படி இல்லை. ஒப்பீட்டுக்கு எந்தத் திசுவை எடுப்பது என்பது இங்கே உயிர்நாடியான கேள்வி. ஒரே நோயாளியின் கட்டியையும் அருகிலுள்ள 'இயல்பான' திசுவையும் மட்டுமே ஒப்பிடும் ஆய்வுகள் ஏராளம். அப்படி ஒப்பிட்டால் இரண்டிலும் மாற்றம் இருப்பதால் வேறுபாடு குறைந்து தெரியும், கூறு அமைதியாக இருப்பதாகக்கூட முடிவு எழுதப்படலாம். நோயற்றவரின் திசு மூன்றாவதாக இருந்தபடியால்தான் இந்த நிகழ்வு வெளிச்சத்துக்கு வந்தது. இந்த ஆய்விலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதென்றால் எதை என்று ஓர் ஆய்வு மாணவர் கேட்டால், அந்த மூன்றாம் மாதிரியைத்தான் நான் சொல்வேன்.

பரப்பு முழுவதும் ஒரே மாற்றம் எப்படி வந்திருக்கும் என்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. மாற்றம் பெற்ற ஒரு செல் பெருகிப் பையின் உட்சுவரை மூடியிருக்கலாம். அல்லது சிறுநீரோடு வரும் நச்சுக்கு எல்லாச் செல்களும் ஒன்றாக ஆட்பட்டு, தனித்தனியே குறியை இழந்திருக்கலாம். இயல்பான சிறுநீர்ப்பைப் படலத்திலேயே மரபணு மாற்றங்களோடு கூடிய சிறு சிறு செல் திட்டுகள் நிறைந்திருப்பதை 2020-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஆனால் அவை திட்டுகள். எல்1-மெட்டோ பரப்பு முழுவதும் விரிந்தது. ஆகவே இரண்டாம் வழியே எனக்கு அதிகம் பொருந்துவதாகப் படுகிறது.

மெட் உண்மையில் என்ன ஆனது

இந்த நிகழ்வைச் சொல்லும் பலர் இங்கே ஒரு குறுக்குவழியை எடுக்கிறார்கள்: எல்1 விழித்தது, மெட் என்னும் புற்றுமரபணு இயங்கியது, புற்றுநோய் வந்தது. வரிசை அழகாக இருக்கிறது, ஆனால் மூலக்கூறுகள் அதற்கு இசையவில்லை.

மெட் மரபணுவில் புரதம் தொடங்கும் இடம் இரண்டாம் எக்ஸானில் இருக்கிறது. 1,200 எழுத்துகளுக்கு மேல் நீளும் அந்த எக்ஸானில்தான், புரதத்தைச் செல்லின் மேற்பரப்புக்கு அனுப்பும் முகவரியும், வெளியிலிருந்து வரும் வளர்ச்சிக் காரணியைப் பற்றும் பகுதியின் பெரும்பங்கும் எழுதப்பட்டுள்ளன. எல்1-இலிருந்து தொடங்கும் படி இரண்டாம் இன்ட்ரானில் பிறப்பதால், இவை எதையும் சுமப்பதில்லை. தலையில்லாத படி அது. அதிலிருந்து புரதம் உருவானாலும், வழக்கமான மெட் ஏற்பியின் வேலையை அதனால் அப்படியே செய்ய இயலாது.

இன்னும் ஒரு சிக்கல் உண்டு. வுல்ஃப் ஆய்வு வந்த அதே 2010-இல், ஃப்ராங்க் லைகோ உள்ளிட்ட வேறொரு குழு, மெட்டுக்குள் உள்ள இதே எல்1 தொடக்கி குறி இழந்து முறையற்ற படியை எழுதத் தொடங்கும்போது, மெட் வழியான சமிக்ஞை குறைகிறது என்று வெளியிட்டது. ஒரே பாதையில் இரண்டு இடங்களிலிருந்து எழுத்து நொதிகள் புறப்பட்டால், பின்னால் வருவதை முன்னால் நிற்பது தடுக்கும் என்பது எதிர்பார்க்கக் கூடியதே. ஆக, கூறு விழித்ததன் விளைவு மெட்டைத் தூண்டியதா தடுத்ததா என்பது செல்லைப் பொறுத்தும் சூழலைப் பொறுத்தும் மாறக்கூடும். மெட் மரபணு புற்றுமரபணுப் பட்டியலில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, அதிலிருந்து எழுந்த ஒவ்வொரு படியையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியல்ல. வுல்ஃப் குழு நிறுவியது, மெத்தில் இழப்பு தாவும் கூறின் வழியாக மனிதத் திசுவில் மரபணு வெளிப்பாட்டை மாற்ற முடியும் என்பதை. அதுவே பெரிய செய்தி. அதற்கு மேல் ஏற்றிச் சொல்வது அந்த ஆய்வுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

தாவல் எங்கே?

உண்மையான தாவல் நோய் உண்டாக்கும் என்பதில் ஐயமில்லை. ஹெய்க் கசாசியனின் குழு 1988-இல் ஹீமோஃபிலியா நோயாளிகள் 240 பேரைச் சோதித்து, அவர்களுள் இருவரின் எட்டாம் காரணி மரபணுவில் புதிதாக வந்து செருகிய எல்1-ஐக் கண்டது. 1992-இல் பெருங்குடல் கட்டி ஒன்றில் ஏபிசி என்னும் புற்றுத்தடுப்பு மரபணுவை எல்1 உடைத்திருந்தது தெரியவந்தது. அது கட்டியில் மட்டுமே இருந்தது, நோயாளியின் இயல்பான திசுவில் இல்லை.

38 வகைப் புற்றுநோய்களைச் சேர்ந்த 2,954 மரபணுத்தொகுப்புகளை ஆராய்ந்து 2020-இல் வெளியான பெரும் பகுப்பாய்வு, கட்டிகளில் நிகழ்ந்த 19,166 செருகல்களைப் பட்டியலிட்டது. ஏறத்தாழ 35 விழுக்காடு மாதிரிகளில் குறைந்தது ஒன்றாவது இருந்தது. அந்த வரிசையின் முன்னணியில் நின்றவை உணவுக்குழாய், தலை-கழுத்து, நுரையீரல் செதிள்செல், பெருங்குடல் புற்றுநோய்கள். சிறுநீர்ப்பை அந்த முன்வரிசையில் இல்லை. எல்1 மெத்தில் இழப்பு இத்தனை பரவலாகத் தெரியும் உறுப்பில் தாவல் முதலிடத்தில் இல்லை என்பது, குறி கழல்வதும் தாவுவதும் ஒன்றல்ல என்பதற்கு இன்னொரு சான்று.

படிநிலைகள் ஒன்றிலிருந்து ஒன்று எப்படிப் பிரிந்து நிற்கின்றன என்பதற்கு, ஷூல்ஸின் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. சிறுநீர்ப்பைக் கட்டிகளில் எல்1 குறியை இழந்திருந்தது. முழுநீள எல்1 படிகளின் பக்கம் வெளிப்பாடும் சாய்ந்திருந்தது. அதுவரை எதிர்பார்த்தபடியே. 22-ஆம் குரோமோசோமிலுள்ள, ரெட்ரோவைரஸின் எச்சமான ஹெர்வ்-கே கூறு ஒன்றிலும் குறி கழன்றிருந்தது. ஆனால் அதன் வெளிப்பாடு உயரவே இல்லை. ஆலு என்னும் இன்னொரு தாவும் கூறுக் குடும்பத்தில், ஒய்பி8 கிளை கூடுதலாக எழுதப்பட, அதற்கு நெருங்கிய உறவான ஒய்ஏ5 கிளை அப்படியே இருந்தது. புராஸ்டேட் புற்றுநோயில் மாறும் ஹெர்வ்-கே கூறுகள் சிறுநீர்ப்பையில் மாறவில்லை. பூட்டைத் திறந்துவிட்டால் மட்டும் வீட்டில் விளக்கு எரியாது; அந்தந்தச் செல்லில் அந்தந்தத் தொடக்கியைப் பற்றும் புரதங்களும் இருந்தாக வேண்டும். 'தாவும் கூறுகள் சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் விழிக்கின்றன' என்று மொத்தமாக எழுதும் வாக்கியம், இந்த ஆய்வுக்குப் பிறகு அச்சேறியிருக்கக் கூடாது.

காவலின் விலை

மெத்தில் குறி மட்டுமே காவல் அல்ல. தாவும் கூறுகளையும் ரெட்ரோவைரஸ்களையும் அடக்கும் அப்போபெக்3 என்னும் நொதிகள் மனிதரிடம் ஏழு உள்ளன. ஏழும் 22-ஆம் குரோமோசோமில் வரிசையாக நிற்கின்றன. எலிக்கு ஒன்றுதான். ஒற்றை இழையாக நிற்கும் டிஎன்ஏவில் 'சி' எழுத்தை யுராசிலாக மாற்றி, அயல்வரிசையைச் சிதைப்பது இவற்றின் தொழில். அவற்றுள் அப்போபெக்3ஏ, அப்போபெக்3பி ஆகியவை எல்1 தாவுவதையும் தடுக்கின்றன.

சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் மரபணு மாற்றங்களில் இந்த நொதிகளின் கைரேகை அப்பட்டமாகத் தெரிகிறது. 'டி'-யை அடுத்து வரும் 'சி' மட்டும் தேர்ந்து மாறியிருக்கும். தசையைத் துளைத்த 412 கட்டிகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான பகுப்பாய்வில், ஓரெழுத்து மாற்றங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்த வகைக்குரியவை. சிறுநீர்ப்பையில் அடிக்கடி காணப்படும் எஃப்ஜிஎஃப்ஆர்3 மரபணுவின் மாற்றம், 249-ஆம் இடத்தில் செரீன் சிஸ்டீனாக மாறுவது, இதே கைரேகைக்குப் பொருந்துகிறது. அயலானைத் தடுக்க நிறுத்திய காவலனின் ஆயுதம் வீட்டாரையே காயப்படுத்தியிருக்கிறது.

எல்1 விழித்ததால்தான் அப்போபெக்3 கிளம்பியது என்று சங்கிலி போட்டுவிட ஆசை வருவது இயல்பு. அப்படிப் போடாமல் இருப்பதே இப்போதைக்கு முறை. வைரஸ் தொற்று, இன்டர்ஃபெரான், டிஎன்ஏ இரட்டிப்பில் ஏற்படும் தடுமாற்றம் என அந்த நொதிகளைத் தூண்டுபவை பல. மேலும் அப்போபெக்3 பகுதிக்கு அருகில் பிறப்பிலேயே சில எழுத்து வேறுபாடுகளைக் கொண்டவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வாய்ப்பு கூடுதலாக இருப்பது, தாவும் கூறுகளின் தலையீடு இல்லாமலேயே விளங்கிக்கொள்ளக் கூடியது. ஆனால் தாவும் கூறுகள் இந்த நோய்க்கு என்ன செய்தன என்று கணக்குப் பார்க்கும்போது, அவை தாமே செய்ததை மட்டும் எண்ணாமல், அவற்றை அடக்குவதற்காக நம் முன்னோரின் செல்கள் வளர்த்துக்கொண்ட ஆயுதங்கள் செய்ததையும் அருகே எழுதி வைக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

அளவிடும்போது நேரும் பிழைகள்

எல்1 மெத்திலேற்றம் இத்தனை விழுக்காடு என்று ஆய்வுகள் தரும் எண் பெரும்பாலும் ஒரு சராசரி. ஒரே ஜோடி முன்னோடித் துண்டுகளை, அதாவது டிஎன்ஏவைப் பெருக்கும்போது தொடக்கப்புள்ளியாக ஒட்டும் சிறு துண்டுகளை, வைத்து, ஆயிரக்கணக்கான படிகளை ஒன்றாகப் பெருக்கி, எல்லாவற்றையும் சேர்த்துப் படிப்பதால் கிடைப்பது. எந்தப் படி குறியை இழந்தது என்று அந்த எண் சொல்லாது. மெட்டுக்குள் இருக்கும் ஒற்றைப் படி முழுவதும் வெறுமையாகிவிட்டாலும் சராசரி அசையாது. மறுபுறம், யாருக்கும் தீங்கு செய்யாத பல்லாயிரம் அறுந்த துண்டுகள் குறி இழந்தால் சராசரி சரியும். எல்1-மெட் ஆய்வு பலன் தந்தது, ஒரு முன்னோடித் துண்டை எல்1-க்குள்ளும் மற்றொன்றை மெட்டின் தனித்த வரிசையிலும் வைத்து, அந்த ஒரு முகவரியை மட்டும் படித்ததால்.

ஆர்என்ஏ பக்கத்திலும் இதே தொல்லை. அறுந்த எல்1 துண்டுகள் ஏராளமான மரபணுக்களின் இன்ட்ரான்களுக்குள் கிடப்பதால், அந்த மரபணுக்கள் எழுதப்படும்போதெல்லாம் எல்1 எழுத்துகளும் உடன் எழுதப்படுகின்றன. குறுந்துண்டு வரிசைப்படுத்தலில் அவற்றை எண்ணிவிட்டு, எல்1 இயங்குகிறது என்று எழுதிவிடுவது எளிது. கூறு தன் சொந்தத் தொடக்கியிலிருந்து எழுதப்பட்டதா, பக்கத்து மரபணுவின் ஓட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டதா என்று பிரித்தறிய, படி தொடங்கும் முனையைக் கண்டறிய வேண்டும். புரதத்தையே நேராகத் தேடுவது இன்னும் நம்பகமானது. எல்1-இன் முதல் புரதத்தைப் பற்றும் எதிர்பொருளைக் கொண்டு பல வகைப் புற்றுநோய்த் திசுக்களைச் சாயமிட்டு 2014-இல் வெளியான ஆய்வில், 47 விழுக்காடு கட்டிகளில் அந்தப் புரதம் தெரிந்தது. ஆனால் எல்1-மெட் போன்ற நிகழ்வுக்கு அந்தச் சோதனையும் உதவாது. எதிர்த்திசைத் தொடக்கி அந்தப் புரதத்தை எழுதுவதே இல்லை.

சிறுநீரில் தேடுதல்

பையின் உட்படலச் செல்கள் ஓயாமல் உதிர்ந்து சிறுநீரோடு வருகின்றன. சேகரித்த சிறுநீரை மையவிலக்கியில் சுழற்றினால், குழாயின் அடியில் மங்கலான ஒரு படிவு திரளும். சில வேளைகளில் அது கண்ணுக்குச் சரியாகப் புலப்படவே புலப்படாது, மேல்நீரைக் கொட்டும்போது கை நடுங்கினால் போய்விடும். அந்தப் படிவிலிருந்து டிஎன்ஏவை எடுத்து மெத்தில் குறிகளைப் படிக்க முடியும். மாற்றம் கட்டியில் மட்டும் இருந்தால், உதிரும் செல்களில் அது சிறுபான்மையாகவே இருக்கும். பரப்பு முழுவதும் மாறியிருந்தால் அளவு கூடும். ஆனால் அப்போது, கட்டியை அகற்றிய பின்பும் குறி இல்லாத செல்கள் உதிர்ந்துகொண்டே இருக்குமே என்ற சிக்கல் எழுகிறது. ஆகவே ஒரு முறை பார்ப்பது போதாது; அதே நோயாளியிடம் அறுவைக்குப் பின் அளவு இறங்குகிறதா, நாள்போக்கில் மீண்டும் ஏறுகிறதா என்று தொடர்ந்து பார்க்க வேண்டும்.

தென் கலிஃபோர்னியக் குழு அதையே செய்தது. தசையைத் துளைக்காத சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளிகள் 90 பேரிடமிருந்து தொடர் கண்காணிப்பில் எடுத்த 368 சிறுநீர்ப் படிவுகளை ஆராய்ந்து, மூன்று குறிகள் கொண்ட ஒரு தொகுப்பை 2014-இல் வெளியிட்டது: சாக்ஸ்1, ஐராக்3, எல்1-மெட். முதல் இரண்டும் புற்றுநோயில் மெத்தில் குறிகளை ஏற்றுக்கொள்ளும் மரபணுக்கள், மூன்றாவது இழப்பது. எதிரெதிர்த் திசையில் நகரும் குறிகளைச் சேர்த்ததில் ஒரு நன்மை உண்டு. மாதிரி கெட்டுப்போயிருந்தாலோ, பைசல்ஃபைட் வினை அரைகுறையாக முடிந்திருந்தாலோ, மூன்றும் ஒரே பக்கமாகச் சாயும். உண்மையான மறுவருகையில் மட்டுமே இரண்டு மேலேயும் ஒன்று கீழேயும் போகும். மெட் புரதம் கூடியதா குறைந்ததா என்ற கேள்வி இந்தச் சோதனைக்கு ஒரு பொருட்டே அல்ல. அந்தப் பழைய எல்1 எந்தத் திசையில் என்ன எழுதினாலும், அதன் மேலிருந்த கருவட்டங்கள் வெள்ளையாகின்றனவா என்பதை மட்டும் குழாயின் அடியிலுள்ள அந்த மங்கலான படிவு சொன்னால் போதும்.